உப்புவெளி அன்ரி வீட்டு போடிங் - ஒண்டரை வருசம் இருந்திட்டு எழுதுறன்

திருகோணமலையில அறை தேடுற முதுமாணி படிக்கிற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன், ஏனெண்டா நான் 2024 ஜனவரியில முல்லைத்தீவில இருந்து வந்து ஒரு கிழமையா அறை தேடி அலைஞ்சனான், அப்ப இப்பிடி ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல.

வீடு நிலாவெளி வீதியில இருந்து கடல் பக்கமா உள்ளுக்கு 5 நிமிசம் நடக்கோணும். மொத்தம் 4 அறை, மாசம் 12,000 ரூபா, சாப்பாடு வேணுமெண்டா தனிக்காசு. சாப்பாட்டுக்கு நான் முழு மார்க்ஸ் போடுவன், சூடை மீன் பொரியலும் சொதியும் இடியப்பமும் இரவில சுடச்சுட கிடைக்கும், கணவாய் வந்த நாளில அன்ரி எங்களுக்கும் எடுத்து வச்சிட்டுத்தான் சாப்பிடுவா. முன் அறை ரெண்டும் கூரைக்கு சீற் போட்டது, கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்தில பகல்ல உள்ளுக்கு இருக்கவே ஏலாது, கேட்டு எடுக்கிறதெண்டா பின் அறைய எடுங்கோ, வேப்பமர நிழல் இருக்கு. வைபை மோசம். சூம் வகுப்புக்கு நான் போன் டேற்றாதான் பாவிச்சன்.

தண்ணியப் பற்றி கொஞ்சம் கூட எழுதுவன், என்ர ஆய்வே அதுதான். கிணத்துத் தண்ணி மாரியில நல்லா இருக்கும், ஆவணி புரட்டாசியில உவர் தட்டும், குடிக்க போத்தல் தண்ணிதான் வாங்கோணும். இந்தக் கரையோர மணல்ல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிற மாதிரித்தான் நிக்கும், மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சா கீழ இருந்து உப்பு ஏறிடும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டக் கிணறுகள அளக்கத்தான் நான் இங்க வந்தது. முதல் 3 மாசம் சரியான கஸ்ரம், முதல் டிகிரி படிக்கேக்க பட்ச் எண்டு ஒண்டு இருந்தது, சேந்து படிச்சம் சேந்து சாப்பிட்டம், முதுமாணியில அப்பிடி ஒண்டும் இல்ல, நீங்களும் தண்ணி அளக்கிற மீற்றரும் மாசத்தில ஒருக்கா மெயில் போடுற சுப்பவைசரும்தான். பின்னேரத்தில அன்ரி "இண்டைக்கு எந்தக் கிணறு பிள்ள?" எண்டு கேப்பா, நானும் இருந்து கதை சொல்லுவன், அந்தக் கேள்வி இல்லாட்டி நான் பாதியில விட்டிட்டு ஊருக்குப் போயிருப்பன், உண்மையாச் சொல்லுறன்.

இப்ப முக்கியமான விசயம், இத ஒரு போடிங் ரிவியூவிலயும் எழுதமாட்டினம். வாக்காளர் இடாப்பில அன்ரி என்ர பேரையும் சேத்தவ. பெப்ரவரி 1 ஆம் திகதி எங்க குடியிருக்கிறமோ அந்த விலாசத்திலதான் பதியலாம், வீட்டுக்காரர் படிவத்தில பேர் போடோணும், கனக்க போடிங்காரர் பின்னால வீட்டில உரிமை கேப்பினம் எண்டு பயந்து போடவே மாட்டினம். தபால் வாக்கும் எங்களுக்கு இல்ல, அது அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி ஆக்களுக்குத்தான், அதால ஊரில பேர் பதிஞ்சிருக்கிற மாணவர் எத்தனையோ பேர் போய்வர பஸ் காசு இல்லாம வாக்கையே விட்டிடுறாங்கள். அன்ரி என்னையும் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்ஸிட்ட (கிராம அலுவலர்) போய் பழைய விலாசத்தில என்ர பேரை வெட்டிறதுக்கும் கேட்டுத் தந்தவ.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் நேரம் சாப்பாட்டு மேசையில வந்த நோட்டீஸ் எல்லாம் ஒரு கட்டா இருக்கும், எந்தக் கட்சியிண்டதையும் அன்ரி எறியமாட்டா, தான் ஆருக்குப் போடப்போறன் எண்டும் கடைசிவரைக்கும் வாய் திறக்கேல்ல. எங்கட மாவட்டத்துக்கு 4 ஆசனம், ஒவ்வொரு லிஸ்ட்டிலயும் 7 பேர். எங்கட மாவட்டத்து எம்.பி. சம்பந்தன் ஐயா அந்த வருசம் ஜூன் 30 செத்தவர், எத்தனையோ வருசமா அவரின்ர பேரைப் பாத்தே புள்ளடி போட்டுப் பழகின சனம், இனி ஆரைப் பாக்கிறது எண்ட கதைதான் எல்லா வீட்டிலயும். நான் ஒரு கேள்விய முடிவெடுத்தனான், வாக்குக் கேட்டு வீட்டுக்கு வாற எல்லாரிட்டயும் அதையேதான் கேட்டன், இந்தக் கரையோரக் கிணறு உவராப் போறதுக்கு என்ன செய்வியள் எண்டு. ஒருத்தர் எல்லாருக்கும் குழாய்த் தண்ணி எண்டார், தோட்டக்காரர் எங்க போறது எண்டு கேக்க அவரிட்ட பதில் இல்ல. இன்னொருத்தர் தனக்கு விளங்கேல்ல எண்டு சொல்லி அரை மணித்தியாலம் இருந்து என்ர கொப்பியப் பாத்து கேள்வி கேட்டவர். அவருக்கு ஒரு புள்ளடி போட்டன், அதே லிஸ்ட்டில காணிப் பிரச்சினைக்கு ஓடித் திரிஞ்ச ஒரு அக்காவுக்கு மற்றது. விருப்பு வாக்கு, அதாவது லிஸ்ட்டில உள்ள ஆக்களுக்குப் போடுறது, 3 வரைக்கும் போடலாம், மூண்டும் போடவேணும் எண்டு கட்டாயம் இல்ல, மூண்டாவதா எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லாததால ரெண்டோட விட்டன். ஆனா முதல்ல கட்சிக்குப் புள்ளடி போடோணும், அத விட்டிட்டு ஆக்களின்ர நம்பருக்கு மட்டும் போட்டா வாக்கு செல்லாது, இத அன்ரி விடிய 7 மணிக்கு வாசல்ல வச்சு ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினவ.

கேற் இரவு 9.30க்குப் பூட்டுவினம், கண்டி பஸ்ஸில பிந்தி வாறதெண்டா முன்னமே கோல் எடுத்துச் சொல்லுங்கோ, முழிச்சிருந்து திறப்பா. 5க்கு 4 போடுறன், அந்த ஒண்டு சீற்றுக்கும் வைபைக்கும் குறைச்சது. நான் தீசிஸ் குடுத்திட்டு டிசம்பரில போறன், பின் அறை அப்ப காலி, வாறதெண்டா ஜனவரிக்குள்ளயே வந்திடுங்கோ, பெப்ரவரி பிந்தினா இடாப்பில பேர் ஏத்த அடுத்த வருசம் வரைக்கும் பாத்திருக்க வேண்டி வந்திடும்.