உப்புக் காற்றில் அப்பாவின் ஜிப்ஸி: ஒரு நீண்டகால அனுபவம்

அப்பாவுக்குப் பிறகு என் கைக்கு வந்தது ஒரு மாருதி ஜிப்ஸி கிங். 1298 சிசி பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத்திறன், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், எடை ஏறக்குறைய ஒரு டன். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும். அதைப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருந்த காலத்தில், தார் ரோடு போகாத இடத்துக்குத் தீவன மூட்டை கொண்டுபோக அப்பா வாங்கிய வண்டி. பண்ணையை விட்ட பிறகு கொட்டகையிலேயே நின்றுவிட்டது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். ஸ்பானர் பிடித்த பழக்கம் கிடையாது.

வாடைக் காற்றிலும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். பழைய ஜீப்போ பொலிரோவோ ஜிப்ஸியோ வீட்டில் நிற்கிறது, அதை மணலுக்கும் சேற்றுக்கும் தயார் செய்யலாம் என்று நினைக்கிற நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே காசு முதலில் போக வேண்டிய இடம் வண்டியின் அடிப்பக்கம். பெரிய டயர், உயரம், கூரை விளக்கு எல்லாம் அப்புறம். உப்பைச் சமாளிக்காத வண்டிக்கு வேறு எதைச் செய்தாலும் நிற்காது.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தயாராக இருந்தால் அலைச்சல் குறையும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டி என்றால் படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; ஒரு முறை புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். பசுமை வரி தனி. ஆய்வுக்குப் போகும் முன் சேசிஸ் எண் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். கிரைண்டரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண் அழிந்தால் பெரிய வில்லங்கம்.

இனி துரு. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தை இந்தக் காற்று என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் களம் வைத்ததற்கும் இந்தக் காற்றுதான் காரணம். பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், தகடு மெலிந்த பழைய வண்டிக்குக் கேட்கவே வேண்டாம்.

வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் துரு பிடிக்காது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொட்டகையில் நின்றாலும் இரும்பின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டுதான் இருக்கும். வெயில் படாத, காற்றோட்டம் இல்லாத மூலைகளில் அது காய்வதே இல்லை.

ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோய், இரண்டு இஞ்ச் உயர்த்தணும் என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். அவர் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். "தம்பி, ஒசரத்தக் கூட்டுறது ஒரு நாள் வேலை. அடியில இரும்பு இருக்கான்னு மொதல்ல பாப்போம்" என்றார். முன்னாலிருந்து சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு இருந்த இடமெல்லாம் 'ணங்' என்று கேட்டது. பின் பட்டை தொங்கும் ஷாக்கிளுக்கு மேலே வந்ததும் 'டொப்' என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. இழுத்ததும் ஓட்டை வழியாக ஈரமணல் கொட்டியது. மணலோடு ஒரு சின்னச் சிப்பி ஓடும் விழுந்தது. அப்பா பண்ணைக்கு ஓட்டிய காலத்து மணல், அத்தனை வருடமும் சேசிஸின் உள்ளே கூடாக இருக்கும் பெட்டிச் சட்டத்துக்குள் ஈரம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இந்தச் சுத்தியல் சோதனையைச் செய்ய வேண்டும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

உளுத்த இடத்தின் மேல் தகட்டை ஒட்டி வெல்டிங் வைப்பது மலிவு, சீக்கிரமும் முடியும். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்பு உட்கார்ந்துவிடும். எங்கள் வண்டியில் கெட்டதை முழுதாக அறுத்து எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்தோம். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி, பேட்டரி வயரையும் எஞ்சின் கம்ப்யூட்டரின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். பிறகு துருவைச் சுத்தமாகச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, துத்தநாகம் கலந்த பிரைமர், அதன் மேல் எபாக்சி பெயின்ட். பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு நீளக் குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே அடித்தோம். தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனியே வைத்த ஓட்டைகள் அடைந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் திறந்தோம்.

கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். புது வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். ஏற்கெனவே துரு ஏறிய வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பர் எங்கேயாவது ஓரத்தில் விடும், உப்புத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். மெழுகு, எண்ணெய் வகைப் பூச்சுகளை வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டும்தான். ஆனால் துரு எங்கே வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கழுவுவது தனிக்கதை. கடற்கரைக்குப் போய்வந்தால் அடியைக் கழுவு என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் எந்தத் தண்ணீரில் என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். சில வாட்டர் சர்வீஸ் கடைகளிலும் அதே போர் தண்ணீர்தான். அதில் அடியைக் கழுவினால் ஓர் உப்பை எடுத்துவிட்டு இன்னோர் உப்பைப் பூசிய மாதிரி. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவுவதா என்று அம்மா கேட்டார்கள், நியாயமான கேள்வி. அதனால் மேலே போர் தண்ணீர், அடியில் மட்டும் நல்ல தண்ணீர், அதுவும் கைப்பம்பு ஸ்ப்ரேயரில். தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கினேன். மூலை முடுக்கெல்லாம் போகும், தண்ணீரும் கொஞ்சம்தான் ஆகும். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் பிரச்சினையே இல்லை.

அடுத்தது ஆயில் சீல்கள். ஜிப்ஸியின் முன் அச்சில் சக்கரம் திரும்பும் இடத்தில் உருண்டையான நக்கிள் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சீல் காய்ந்துவிட்டால் மணல் உள்ளே போய் கிரீஸோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் மாற்றினேன். அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கு மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. ஓடிச் சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிட்டோம். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. கழற்றி ஊற்றிய பழைய ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்ததற்கு அதுதான் அடையாளம்.

பெட்ரோல் குழாய்களையும் முழுதாக மாற்றிவிடுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைத்தால் டேங்குக்குள் துரு வரும். மின்சாரத்தில் எனக்கு வந்த தொல்லை அத்தனையும் எர்த் வயரால்தான். முனைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கியதும் மங்கலாக எரிந்த ஹெட்லைட்டே பளிச்சென்று ஆனது.

சரி, மணலுக்கு வருவோம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறக்கும் முன், மூன்றாம் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டியவர்கள் இருந்தார்கள். அப்படி ஓட்டிய ஒருவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் மணல் ஓட்டக் கற்றேன். என் டயரைப் பார்த்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாப்ளே, காத்த எறக்கு."

ரோட்டில் டயரில் 28 பவுண்டு காற்று வைக்கிறேன். மணலில் 15. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படிந்து எடையைப் பரப்பிக்கொள்ளும், சக்கரம் தோண்டாமல் மேலேயே போகும். காற்று இறக்கிய வண்டியும் இறக்காத வண்டியும் இரண்டு வேறு வண்டிகள் என்றே சொல்வேன். சேற்றுக்கான பெரிய பல் டயரை நம் மணலுக்கு வாங்காதீர்கள். அந்தப் பல்லே மண்வெட்டி ஆகிவிடும். சாதாரண ஆல் டெரெய்ன் டயர் போதும். காற்று குறைவாக இருக்கும்போது சடாரென்று வளைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதை மட்டும் மறக்கக் கூடாது. தார் ரோட்டில் ஏறும் முன் காற்றடிக்க பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

அந்தக் குட்டிக் கம்பியை லோ கியரில் போட்டு, இரண்டாவதில் எடுத்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு கட்டிக்கொள்ளும். காலையில் பனி ஈரம் இருக்கும்போது மணல் இறுகியிருக்கும், உச்சி வெயிலில் பொலபொலவென்று ஓடும். ஒரே பாதை காலையில் தாராளமாக விடும், மத்தியானம் விடாது.

சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. இறங்கி மம்பட்டியால் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலை எடுத்துவிட்டு, சாக்கையோ தென்னங்கீற்றையோ அடியில் கொடுங்கள். அரியமான் பக்கம் ஒரு முறை வண்டி இறங்கியபோது, கூட வந்த நண்பன் கைக்குக் கிடைத்த பனை மட்டையை எடுத்தான். வலை காயவைத்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கத்தினார்: "அண்ணே, கருக்கு மட்டைய வைக்காதீங்க, டயரக் கிழிச்சிரும்!" அந்த மட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன், ரம்பப் பல்லேதான். காற்று இறக்கிப் பிதுங்கி நிற்கும் டயரின் பக்கவாட்டில் அது பட்டால் பஞ்சர்கூட ஒட்ட முடியாது.

கருவ முள்ளும் அப்படித்தான். சீமைக் கருவேலம் இல்லாத மண்பாதை நம் மாவட்டத்தில் ஏது? டயரின் முகத்தில் ஏறினால் பஞ்சர் கிட் போதும். பக்கவாட்டில் ஏறினால் ஸ்டெப்னிதான். வெட்டிப் போட்ட முள் கிடக்கும் வரப்பில் வண்டியை விடவே மாட்டேன்.

தென்கடல் பக்கம் மணல் என்றால் வடகடல் பக்கம் சேறு. தேவிபட்டினம், திருப்பாலைக்குடிப் பக்கத்து உவர் நிலம் மேலே வெடித்துக் காய்ந்து, பார்க்கக் களத்துமேடு போல இருக்கும். கீழே களி. நடந்து பார்த்துக் குதிகால் புதையாத இடத்தில் மட்டும் வண்டியை விடுகிறேன். ஜிப்ஸியின் எடை குறைவு இங்கே கைகொடுக்கிறது. பெரிய டீசல் வண்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உயரத்தைக் கூட்டவில்லை. தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே இருக்கும் 210 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் நம் மண்பாதைகளுக்குத் தாராளம். ஒல்லியான, உயரமான வண்டி. கச்சான் அடிக்கும்போது பாம்பன் ரோடு பாலத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால்தான் நேராகப் போகும். இன்னும் உயர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சட்டமும் இருக்கிறது: கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. இரும்பு முன் பம்பருக்கு 2017-இலிருந்தே தடை.

ஒரு வேண்டுகோள். கரையை ஒட்டிய மணல் மேடுகளில் வண்டி ஏற்றாதீர்கள். அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிட வருகிற கரை இது. டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் அந்தப் பள்ளத்திலேயே ஓடி ஓடிக் களைத்துவிடும். நாயும் காக்காயும் காத்திருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. கரையும் அதே கடலைச் சேர்ந்ததுதானே. பனங்காட்டு வண்டிப்பாதை, கண்மாய்க்கரை, ஊருக்கு ஊர் போகும் மணல் தடம் என்று ஓட்ட எவ்வளவோ இடம் இருக்கிறது.

அன்றாடம் ஓட்ட எப்படி? பின் சீட் முதுகை ஒடிக்கும். அம்மா முன் சீட்டைத் தவிர எதிலும் உட்கார மாட்டார்கள். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள், லோ கியரில் அதுவும் இல்லை. 40 லிட்டர் டேங்க் என்பதால் சாயல்குடிப் பக்கம் போகும்போது முன்கூட்டியே நிரப்பிக்கொள்கிறேன். எஞ்சின் எஸ்டீம் காரில் இருந்த அதே குடும்பம். அதனால் எஞ்சின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பாடித் தகடுகளுக்குத்தான் மதுரைக்கு அலைய வேண்டியிருக்கிறது.

இப்போது மிச்சம் இருப்பது பின் கதவின் கீழ் விளிம்பு. போன வாடையில் பெயின்ட் கொப்புளம் விட்டது, தட்டினால் 'டொப்' என்கிறது. தகடு சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அறுத்து வைத்து, அடுத்த மழைக்கு முன் அடிப்பக்க மெழுகையும் புதுப்பித்துவிடுவதாக மெக்கானிக் அண்ணனிடம் பேசி முடித்தாயிற்று.