ஹாலோ நைட்: இரண்டு வருடமும் ஒரு வெள்ளை அரண்மனையும்

கும்பகோணத்து நண்பன் நேற்று கேட்டான்: "ஹாலோ நைட் விலை பாதியா குறைஞ்சிருக்கு மாப்ள, வாங்கவா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

2017இல் வந்த வீடியோ கேம் ஆட்டம், என்னிடம் இரண்டு வருடமாக இருக்கிறது. கையால் வரைந்த அழகு, இசை, வரைபடம் வாங்கிக்கொண்டு வழி தேடித் திரியும் சுகம் எல்லாம் ஊரே சொன்னதுதான். ஐப்பசி மழையில் மன்னார்குடி ஊறிக்கிடந்த இரண்டு வாரம் எனக்கு வேறு உலகமே தேவைப்படவில்லை.

என் சண்டை வெள்ளை அரண்மனை என்று பின்பகுதியில் வரும் ஒரு கட்டத்தோடு மட்டும். அதுவரை முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் கேட்டதெல்லாம் சண்டையும் தேடலும்தான். தாவல் ஊறுகாய் அளவு. அரண்மனைக்குள் போனால் எதிரிகளே அநேகமாக இல்லை. சுழலும் ரம்பம், முள், மறுபடி ரம்பம். ஜூன் 12 மேட்டூரில் திறக்கும் தண்ணீர்கூட எங்கள் பக்கம் வரும்போது முதலில் பாதத்தைத்தான் நனைக்கும், அப்புறம்தான் முழங்கால். இது ஒரேயடியாகக் கரை உடைப்பு.

சுவரில் ஒட்டி, எம்பி, காற்றில் ஒரு பாய்ச்சல். கீழே சுழலும் ரம்பத்தை ஆணியால் (அந்த வாளுக்கு அதுதான் பெயர்) தட்டி, அந்தத் தட்டிலேயே துள்ளி, மறுபடி பாய்ச்சல். மூன்றாவது ரம்பத்தில் நாலு நாள் விழுந்தேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுவந்து 73இல் நிறுத்திவிட்டேன். "என்னடா, ரம்பப் பட்டறையிலயா உக்காந்திருக்க?" என்று அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்டார்.

கன்ட்ரோலர் மேல் பழியைப் போட்டு, 400 ரூபாய்க்கு இடது ஸ்டிக்கை மாற்றினேன். மறுநாளும் அதே ரம்பம். பாதிக் குற்றம் டிவி மேல். படத்தை மெருகேற்ற அது எடுத்துக்கொள்ளும் துளி நேரம் சண்டையில் தெரியவே இல்லை. ரம்பத்துக்கு நடுவில் உயிரை வாங்கியது. அந்த மெருகைக் குறைக்கும் கேம் மோடு டிவியிலேயே இருக்கிறது, அதைப் போட்டதும் சரியானது. மீதிப் பாதி ஆட்டத்தின் கொழுப்பு.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். விழுந்தால் ஒரு உயிர்தான் போகும், பக்கத்திலேயே எழுப்பிவிடும். ஹைவ்பிளட் தாயத்தை மாட்டினால் போன உயிரும் சும்மா நின்றாலே ஊறிவிடும். சாதாரண முடிவு போதுமென்றால் அரண்மனைப் பக்கமே போக வேண்டாம். ஆனாலும் 2018இல் வந்த செலஸ்ட் என்ற தாவல் ஆட்டத்தைப் பாருங்கள்: விளிம்பைத் தாண்டிய பிறகும் பத்தில் ஒரு நொடி தாவ விடுகிறது, வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் லேசுப்பட்ட ஆட்டமில்லை, ஆனால் முதல் திரையிலிருந்தே தாவலைப் பழக்குகிறது.

தாண்டினேன், ராத்திரி ஒன்றரைக்கு. உள்ளேயே ஒளித்துவைத்த 'வலியின் பாதை' ஒன்று இருக்கிறது. கொஞ்ச தூரம் போய்விட்டு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டேன்.

நண்பனுக்கு "வேண்டாம்டா" என்று அனுப்பினேன். அவன் அதற்குள் வாங்கியே விட்டான், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறான். டிவியில் கேம் மோடு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வருவேன். ரம்பம் அவன் பாடு.