ஒரே கொந்தராத்தா, மூன்று பேர் கூடிய வேலையா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மம்மாவின் நாற்சார் வீட்டைப் போன வருடம் திருத்தினோம். இப்படியான வேலையை வரைவது முதல் முடிப்பது வரை ஒரே கொந்தராத்துக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) மொத்தமாகக் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் கட்டடக் கலைஞர், உள்ளக வடிவமைப்பாளர், மேசன் மூவரையும் முதல் நாளே ஒன்றாக இருத்திப் பேசவைக்கலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம்.

கொந்தராத்தில் அலைச்சல் குறைவு, தொகையும் முன்பே தெரியும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுவிப்பவர்களுக்கு அது பெரிய வசதி. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவரா, எந்தத் தரம் என்று பார்த்துக் கொடுங்கள்.

எங்களை மற்றப் பக்கம் திருப்பியது தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தில் அடியில் படியும் அந்த வெள்ளைதான் சுவருக்குள் புதைத்த பைப்பிலும் வால்வுகளிலும் படிகிறது. சில வருடங்களில் ஷவர் மெலியும், வால்வு இறுகும். அப்போது சுவரில் எங்கே உடைப்பது? அக்கா வீடு ஒரே கொந்தராத்தில் முடிந்தது. பைப் போன வழிக்கு வரைபடம் கிடையாது. தேடித் தேடி மூன்று இடத்தில் டைல்ஸ் உடைத்தார்கள். அதே நிறம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

எங்கள் குளியலறையிலும் வடிவமைப்பாளர் சுவர் முழுக்க டைல்ஸ் என்றுதான் வரைந்திருந்தார். மேசன் ஐயா பார்த்துவிட்டு, "தங்கச்சி, வால்வுக்குக் கை போக வழி விடாமல் மூடினால் பிறகு உடைக்கத்தான் வேணும்" என்றார். கட்டடக் கலைஞரும் அவருக்காகப் பேசினார். வடிவமைப்பாளர் முகம் சுளிக்காமல் வரைபடத்தை மாற்றி, அடுத்த அறை அலுமாரியின் பின்புறம் கழற்றக்கூடிய பலகை வைத்தார். பேச்சு தாளில் இருக்கும்போதே நடந்ததால் செலவு அந்தப் பலகையோடு முடிந்தது. பூச்சு வேலைக்கு முன் அளவு நாடாவைப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவைத்தோம். கூரையிலும் அப்படித்தான்: பனைமரச் சிலாகைகளை மறைத்து சீலிங் அடிக்க இருந்தோம், கறையான் வந்தால் கண்ணில் படாது என்று தச்சர் தடுத்தார்.

குறையும் உண்டு. மூவருக்கும் நேரம் ஒத்துவராமல் வேலை ஆறு கிழமை இழுபட்டது, வடிவமைப்புக் கட்டணம் தனி. நாங்கள் செய்தது பழைய வீட்டுத் திருத்தம். புது மாடி வீட்டுக்கு இதே கணக்கு பொருந்துமென்று சொல்லமாட்டேன். வீடும் இதுவரை ஒரு மாரிதான் கண்டிருக்கிறது. ஆனால் ஒரே கொந்தராத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் சரி, பைப்பும் வயரும் போகும் வழியை வரைந்து தந்த பிறகுதான் கடைசித் தவணை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.