மெஷின் கட்டிலிருந்து பாப் கட் வரை: வளர்ப்பதா, விக்கா, சவுரியா?

வேலையை விடாமல், அதே ஆபீஸில் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி பெண்ணாக மாறும் திருநங்கைக்கு உடை, பெயர், குரல் எல்லாவற்றையும்விட அவசரம் காட்டாதது முடிதான். அது மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வரைதான் வளரும். வெங்காயச் சாறும் கரிசலாங்கண்ணித் தைலமும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. தேங்காய் எண்ணெய் நுனி உடையாமல் காக்கும். வளர்ந்தது நிற்பதால் நீளம் மிஞ்சும், அவ்வளவே.

ஆகவே முதலில் கணக்கு. வழக்கமான ஆண்கள் வெட்டில் உச்சியில் 5 செ.மீ. இருக்கும், காதோரம் 1 செ.மீ.கூட இருக்காது. தாமதம் முழுக்கக் காதோரத்தில்தான். காதுக்குப் பின்னால் ஒதுக்கிச் செருக அங்கே 10 செ.மீ.யாவது வேண்டும், கடைசியாக மெஷின் பட்ட நாளிலிருந்து 8, 9 மாதம். தாடை வரை வரும் பாப் கட்டுக்கு 20 செ.மீ.; நடுவில் நுனி வெட்டுவதையும் சேர்த்தால் ஒன்றரை வருடம். எல்லா முடியும் அடங்கும் குதிரைவாலுக்கு 25 செ.மீ., கிட்டத்தட்ட இரண்டு வருடம். இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

வெட்டி வெட்டி வளர்ப்பது

வளர்க்க முடிவு செய்தவர்கள் செய்யும் பெரிய தவறு, கத்தரியே படாமல் விடுவது. உச்சி முடி காதுக்கு வருவதற்குள் பின்கழுத்து முடி காலரில் புரளும். அந்தக் கோலத்துக்குப் பெண் சாயலும் இல்லை, ஒழுங்கும் இல்லை. நாலாம் மாதத்தில் பொறுமை இழந்து திரும்ப மெஷின் போட்டுக்கொள்பவர்கள் அதனால்தான். செய்ய வேண்டியது, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை பின்கழுத்தை மட்டும் வெட்டி, உச்சியும் பக்கங்களும் வந்து சேரும்வரை அதைக் காத்திருக்க வைப்பது. உச்சியைத் தொடவே கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியவை: மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும். கிருதாவைச் சதுரமாக நறுக்க வேண்டாம், நுனியை மெலிதாக்கி விடவும். பின்கழுத்தில் சவரக் கத்தியால் நேர்கோடு போட வேண்டாம், நடுவில் லேசாகக் கூராக இறங்கட்டும். 5 செ.மீ. முடியில்கூட முகம் மாறித் தெரிவது இந்த ஓரங்களால்தான், நீளம் அப்புறம். மூன்றையும் வாயால் சொல்லிவிட்டால் போதாது. பக்கவாட்டிலும் பின்புறமும் எடுத்த ஒரு படத்தைக் காட்டுங்கள். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்தால் வெட்டுபவர் பின்னால் தன் பழக்கத்துக்குப் போய்விடுவார்.

தெருமுனை சலூனில் இது நடக்காது என்றில்லை, ஆனால் கை பழகியிருக்காது. ‘பெண்களுக்கு மட்டும்’ என்று பலகை வைத்த பார்லரில் வாசலிலேயே தயங்குவார்கள். முன்கூட்டியே போன் செய்து, வார நாள் காலையில் கூட்டமில்லாத நேரத்துக்கு யுனிசெக்ஸ் சலூனில் பேசி வைப்பது நல்லது.

நாலைந்து மாதத்தில் பிக்ஸி, அதாவது காதை ஒட்டி நிற்கும் குட்டை வெட்டு, வந்துவிடும். இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல். வெளிநாட்டுப் படங்களில் அது பெண்மையான வெட்டு. இங்கே பெண் வைத்தாலே அதற்குப் பெயர் ‘பாய் கட்’. பழைய மகாபலிபுரம் சாலை ஐடி அலுவலகத்தில் பிக்ஸியும் சிறு தோடும் போதும். ஒரு தாலுகா ஊரின் வங்கிக் கிளையில் போதாது; அங்கே பார்ப்பவர் கண் தேடுவது பின்னலை, குறைந்தது ஒரு கிளிப் போட்ட முடியை. அந்த இடத்தில் 7 செ.மீ. ஆனதும் நெற்றிப் பக்கம் கோணல் வகிடு எடுத்து ஒரு கறுப்பு ஸ்லைடு குத்துவது, மூன்று மாத வளர்ச்சி செய்யாததைச் செய்துவிடும்.

அலுவலகத்தில் இன்னும் சொல்லாதவர்களுக்கு வளர்ப்பதில் ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் ஆண் முடி வளர்த்தால் முதல் கேள்வி, ‘என்ன, பழநிக்கு வேண்டுதலா?’ என்பதுதான். ஆமாம் என்று தலையாட்டினால் ஆறேழு மாதம் ஓடும். ஆனால் எந்த மாதம் மொட்டை என்று வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தேதியைக் குடும்பத்தாரைவிட டீமில் இருப்பவர்கள் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள்.

ஏறு நெற்றி இருந்தால்

நெற்றியின் இரண்டு மூலையும் மேலேறிவிட்டவர்களுக்கு வளர்ப்பது மட்டும் தீர்வு ஆகாது. நீளம் கூடக் கூட முடியின் எடை கீழே இழுக்கும். மூலைகள் இன்னும் வெளியே தெரியும். நெற்றியில் விழும் ஃப்ரிஞ்ச் மறைக்கும். நடுவில் பிரிந்து இரு பக்கமும் வளையும் கர்ட்டன் ஃப்ரிஞ்சுக்கு 15 செ.மீ. வேண்டும். அந்த முடியை உச்சியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மூலையில் இருக்கும் நாலு முடியை வைத்து முயன்றால் வியர்வை பட்டதும் நூல் நூலாகப் பிரிந்து நிற்கும்.

ஹார்மோன் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு ஆண் வகை முடி உதிர்வு பெரும்பாலும் குறையும் அல்லது நிற்கும். வெகுநாள் வழுக்கையாக இருந்த இடம் முழுதாகத் திரும்பாது. முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முதல் சில வாரங்களில் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் கட்டம் அது; பயந்து நிறுத்துபவர்கள் பலனே பார்ப்பதில்லை. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலையும் தடவிய தலையணை உறையையும் அதற்கு எட்டாமல் வையுங்கள். அந்த மருந்து பூனைக்கு நஞ்சு.

விக்

விக்கின் பலம் தேதி. வெள்ளிக்கிழமை ஒருவர், திங்கட்கிழமை வேறொருவர். மனிதவளத் துறையிடம் பேசி, ஒரே நாளில் பெயரும் உடையும் மாறுவதாக அறிவித்துவிட்டு வருபவர்களுக்கு இதுவே பொருந்தும். நடுவில் அரைகுறைக் கோலம் கிடையாது.

வாங்கும்போது முன்நெற்றி, காதுக்கு மேல், பிடரி என்று நாடாவைச் சுற்றி அளவெடுங்கள். 57 செ.மீ.க்கு மேல் வந்தால் பெரிய அளவு கேளுங்கள். சராசரி அளவு மதியத்துக்குள் மெல்ல மேலேறி நெற்றியைக் காட்டும். முன் ஓரத்தில் லேஸ் (மெல்லிய வலைத்துணி) வைத்தது, முடி அடர்த்தி 120 அல்லது 130 சதவீதம் என்று கேளுங்கள். கடையில் அழகாகத் தெரியும் 180 சதவீதம் ஆபீஸ் வெளிச்சத்தில் தொப்பி மாதிரி இருக்கும்.

சிந்தெடிக்கா, மனித முடியா என்பதில் பணம் மட்டும் விஷயமல்ல. சிந்தெடிக் துவைத்தாலும் வடிவம் மாறாது, ஆனால் காலர் உரசும் பிடரியில் சீக்கிரம் பஞ்சாகிவிடும், தோசைக்கல் ஆவிக்கே சுருண்டுவிடும். தினம் வைத்தால் நாலைந்து மாதம் உழைக்கும். மனித முடி பல மடங்கு விலை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு வருடம் வரும். இதில் இரண்டு ரகம். கோயில்களில் காணிக்கையாக மழிக்கும் முடி வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும்படி கட்டி வருவது; ரெமி என்பார்கள். இன்னொன்று, தெருவில் வீடு வீடாக வாங்கும் சிக்கு முடி. திசை கலந்துபோன அதை அமிலத்தில் தேய்த்து, சிலிகான் பூசிப் பளபளப்பாக்கி விற்பார்கள். ஒரு மயிரிழையை நுனியிலிருந்து வேர்ப் பக்கமாக விரலால் உருவிப் பாருங்கள். லேசாகச் சொரசொரத்தால் ரெமி. இரண்டு பக்கமும் வழுக்கினால் நாலு முறை துவைத்ததும் சிடுக்காகிவிடும்.

நம் வெயிலில் விக்கின் எதிரி பசை. சித்திரை மாதம் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் வியர்வையில் நெகிழும். பிய்த்தெடுக்கும்போது முன்நெற்றி முடியும் கூட வரும். அடியில் வளர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த முன்வரிசை முடிதான் மூலதனம். பசைக்குப் பதில் வெல்வெட் பட்டையைத் தலையில் கட்டி அதன்மேல் வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்குள் வழவழப்பான துணி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டை முன்பக்கமிருந்து பின்னுக்குத் தள்ளிக் கழற்றினால் விக்கும் கூடவே எழும்பும். ஒரு கை விக்கின் காதோர மடிப்பைப் பிடித்திருக்கட்டும்.

டாப்பரும் சவுரியும்

இவை இடைநிலை. டாப்பர் என்பது உச்சியை மட்டும் மூடி, கிளிப்பில் நிற்கும் முடித் துண்டு. உச்சி மட்டும் மெலிந்து, சுற்றிலும் 7, 8 செ.மீ. வளர்ந்தவர்களுக்கு அது முழு விக்கைவிடக் காற்றோட்டமானது. கிளிப்பை தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே வழுக்கை விழும். விரல் அகலம் மாற்றி மாற்றிக் குத்துங்கள். டேப் வைத்து ஒட்டும் எக்ஸ்டென்ஷனை எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் மறந்துவிடலாம். எண்ணெய் பட்டால் டேப் கழன்றுவிடும்.

சவுரியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனால் 15 செ.மீ. தாண்டி ஒரு குட்டிக் குடுமி கட்ட முடிந்த அன்றே பின்னல் கிடைத்துவிடுகிறது. முடியை மூன்றாகப் பிரித்து முதல் இரண்டு பின்னலுக்குள் சவுரியின் மூன்று கால்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடுமிக்குக் கீழே வெறுமனே கட்டினால் மதியம் தொங்கும். மெல்லியதாக, தோளுக்குச் சற்றுக் கீழே நிற்பதாக எடுங்கள். கல்யாண சவுரியின் கனம் தினமும் பிடரியை இழுக்கும். பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள்; சாயக் கறுப்பு டியூப் லைட்டில் நீலம் அடிக்கும். தினசரி வைத்துக்கொள்ள அல்ல, ஆபீஸ் பொங்கல் விழாவுக்கும் வாடிக்கையாளர் சந்திப்புக்கும்.

எது யாருக்கு

நெற்றி ஓரம் முழுதாக இருந்து, அலுவலகம் கொஞ்சம் இளகியதாக இருந்தால் வெட்டி வளர்ப்பதே மேல். விக்கில் போடும் பணத்தை நல்ல சலூனில் போடலாம். ஏறு நெற்றியும் கறாரான அலுவலகமும் சேர்ந்திருந்தால் விக், அடியில் வளர்ப்பு, ஒன்றரை வருடத்துக்குப் பின் ஃப்ரிஞ்சோடு மாறுவது. அப்படி மாறும்போது கடைசி விக்கை உங்கள் சொந்த முடியின் நீளத்துக்கே வெட்டி இரண்டு வாரம் வைத்துக்கொண்டால், கழற்றிய நாளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆண்களுக்கு இத்தனை செ.மீ. முடிதான் என்று விதி வைத்திருக்கும் நிறுவனமானால் வளர்க்கத் தொடங்குமுன் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது, புகார் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். இயந்திரங்கள் ஓடும் தளத்தில் முடியை வலைக்குள் கட்டச் சொல்வது வேறு. அது எல்லோருக்குமான பாதுகாப்பு.

முகம் பார்த்து வருகை பதியும் கருவி இருக்கும் இடத்தில் ஃப்ரிஞ்சோ விக்கோ வந்த முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கருவி அடையாளம் காணாவிட்டால் வரிசையில் நின்று நெற்றி முடியைத் தூக்கிக் காட்டும்படி ஆகும். புதிய அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் அன்றே கருவியிலும் முகத்தை மறுபதிவு செய்யச் சொல்லிவிடலாம்.