மடக்குக் கத்தி: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் பதத்தைத்தான் பார்ப்பார்கள். துரு ஒளிந்துகொள்வது வேறு இடத்தில்: அலகு மடங்கி உட்காரும் பள்ளத்திலும், அச்சாணியைச் சுற்றியும். ரிவெட் அடித்த கத்தியைக் கழற்றித் துடைக்கவும் முடியாது. பையில் கிடந்தால் வியர்வையின் ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. அதனால் உறையில் செருகும் கத்திக்குச் சரியாக இருக்கும் கார்பன் ஸ்டீல், மடக்குக் கத்தியில் கூடுதல் வேலை வைக்கும்.

1095 ரக கார்பன் ஸ்டீலில் கார்பன் சுமார் 0.95%, குரோமியம் சேர்ப்பதில்லை. ஸ்டெயின்லெஸ் ரகமான 12சி27-இல் கார்பன் 0.6%, குரோமியம் 13.5%. இந்தக் குரோமியம்தான் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகிக் காக்கிறது; கீறல் விழுந்தாலும் படலம் தானாக மறுபடி உருவாகும். டி2 என்ற ஸ்டீல் ரகத்தில் சுமார் 12% குரோமியம் இருந்தும் துரு பிடிக்கிறதே என்றால், அதில் கார்பன் 1.5%. குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகள்களாகக் கட்டுண்டுவிடுகிறது, படலத்துக்கு மிஞ்சுவது குறைவு.

தீட்டுவதில் கார்பன் ஸ்டீல் சுகம். 1000 கிரிட் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) இரண்டு பக்கமும் தேய்த்தால், விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிறு எழும்பும். 3000 கிரிட்டில் லேசாக இழுத்து, தோல் வாரில் நாலு தேய் தேய்த்தால் உதிர்ந்துவிடும். சரியாகப் பதப்படுத்தாத மலிவு ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தப் பிசிறு உதிராது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மடங்கிக்கொண்டே இருக்கும். கூர் வந்த மாதிரி இருக்கும், நாலு வெட்டில் போய்விடும். ‘ஸ்டெயின்லெஸ் தீட்டவே வராது’ என்ற பேச்சு பெரும்பாலும் இதிலிருந்து வந்ததுதான். 12சி27, 14சி28என் இரண்டுமே சாதாரணக் கல்லில் நன்றாகத் தீட்டப்படும். 4% வனேடியம் என்ற உலோகம் கொண்ட எஸ்30வி ஸ்டெயின்லெஸ் ரகத்தின் கதை வேறு. அதன் வனேடியம் கார்பைடு, சாதாரணமாகக் கிடைக்கும் அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம், ஆகவே வைரத் தகடு வேண்டும்.

கார்பன் ஸ்டீல்தான் உடையாது என்பதும் பாதி உண்மை. 440சி என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்தோடு வைத்துப் பார்த்தால் சரி. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸான 14சி28என், 1095-ஐவிட அடி தாங்கும்.

கார்பன்தான் வேண்டும் என்றால், எலுமிச்சை, வெங்காயம் நறுக்கியதும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மடக்குங்கள். அச்சாணிக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து அலகை இறுக்கிவிடும். வினிகரில் நனைத்த டிஷ்யூவை எண்ணெய்ப் பசை போக்கிய அலகில் சுற்றி 20–30 நிமிடம் வைத்துக் கழுவினால் சாம்பல் படலம் படியும். அது துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. கைப்பிடியோடு வினிகரில் முக்காதீர்கள். அச்சாணிக்குள் புகுந்த அமிலம் வெளியே வராது.

தினமும் பையில் கிடக்க, உப்புத் தண்ணீர்ப் பக்கம் போக ஸ்டெயின்லெஸ்தான். மரம் செதுக்க, அடிக்கடி தீட்ட, துடைக்கச் சலிக்காதவருக்கு கார்பன். ஓபினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 8-ஆம் எண் மடக்குக் கத்தி ஒரே வடிவில் இரண்டிலும் கிடைப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதி. அலகில் ரகத்தின் பெயர் இல்லாமல் வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் பொறித்திருந்தால், அந்தக் கத்தியை எடுக்காமல் இருப்பதே நல்லது.