கதை எழுதுபவருக்கு ஒரு கேக் மணி: முறுக்கு ரைமர் எப்படி?

கேக் அடிக்கும் சாமான்கள் விற்கும் கடையில், அச்சுகளுக்கும் அளவுக் கோப்பைகளுக்கும் நடுவில் கிடக்கும் 60 நிமிட முறுக்கு ரைமரைப் பற்றியது இது. பற்றரி இல்லை, திரை இல்லை. முகப்பைத் திருகினால் உள்ளே சுருள்வில் இறுகும். டிக் டிக் என்று தளர்ந்து வந்து, பூச்சியத்தில் மணி அடிக்கும். கொப்பியில் கையால் கதை எழுதுகிறவர் வாங்கலாம். ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லப்படும், 25 நிமிடம் வேலை செய்து 5 நிமிடம் ஓயும் கணக்கை வாங்க வேண்டாம்.

போனிலேயே ரைமர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பக்கத்திலேயே வட்ஸ்அப்பும் இருக்கிறது. மணியை நிறுத்தப் போன விரல் அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பும். திருகோணமலையில் வெளியிலிருந்து வரும் சத்தங்களுக்கும் குறைவில்லைத்தான். எழுத உட்கார்ந்ததும் பாண் ஓட்டோ பேத்தோவன் மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பும். ஆனால் அது பாணை விற்றுவிட்டுப் போய்விடும், போன் போகாது. ரைமர் மேசைக்கு வந்தால் போன் அடுத்த அறைக்குப் போகவேண்டும்; இல்லாவிட்டால் வாங்கியே பயனில்லை.

திருகுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 10 நிமிடம் வேண்டுமென்று நேரே 10இல் வைத்தால் வில் போதிய அளவு இறுகாது, மணி முனகும் அல்லது அடிக்கவே அடிக்காது. முதலில் 60 வரை திருகி, பிறகு வேண்டிய எண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் முன்பின்னாகும். கேக்குக்கு அது பிரச்சினை, கதைக்கு இல்லை. டிக் சத்தம் பலகை மேசையில் இரட்டிப்பாகக் கேட்கும். அடியில் நாலாக மடித்த துவாய் ஒன்றை வைத்தால் அடங்கிவிடும்.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறையை 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தன் படிப்புக்காக அமைத்தார். அவரிடம் இருந்த ரைமர் தக்காளி வடிவம், அதனால் பொமொடோரோ (இத்தாலிய மொழியில் தக்காளி) என்று பெயர். பரீட்சைப் படிப்புக்கு நல்ல அளவு. கதைக்கு அது போதாது. நேற்று விட்ட இடத்தை வாசித்து, பாத்திரத்தின் குரலைப் பிடிக்கவே 10 நிமிடம் போய்விடும். உரையாடல் சூடேறும்போது மணி அடித்துக் கெடுக்கும். முதல் வரைவுக்கு 45 நிமிடம், பிறகு 10 நிமிடம் எழுந்து நடப்பது, மறுபடி 45. நாளுக்கு இரண்டு அமர்வு தாராளம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டையும் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள், மத்தியான வெக்கையில் பேனை பிடித்த கை கொப்பியை நனைக்கும். மணி அடித்ததும் வசனத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்தலாம். அடுத்து வரப்போவதை ஓரத்தில் நாலு சொல்லில் குறித்துவிட்டால் மறுநாள் தொடங்குவது சுலபம்.

அந்த 45 நிமிடத்துக்குள் எழும் பெரிய ஆபத்து, தகவல் தேடப் போவது. கதையில் 1985இல் ஒருவர் திருகோணமலையிலிருந்து தண்ணீருக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவுக்குப் போகிறார். பாலத்தால் போனாரா, பாதை என்கிற மிதவையில் ஏறிப் போனாரா? பாலம் திறந்தது 2009இல் என்று உறுதிப்படுத்தப் போனை எடுத்தால் அமர்வு அதோடு சரி. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு ஆளை அக்கரைக்கு அனுப்புங்கள். தேடுவதெல்லாம் மணிக்குப் பிறகு.

சொல் எண்ணிக்கை இலக்கு வைப்பவர்கள் ஆங்கில எழுத்தாளர்களின் ஆயிரம் சொல் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்பது தமிழில் ஒரே சொல். கட்டி மட்டை போட்ட சி.ஆர். கொப்பியில் பக்கத்துக்கு 25 வரி, வரிக்கு 6 சொல் என்றால் 150. ஒரு அமர்வில் இரண்டு பக்கம் நிரம்பினால் நல்ல நாள்.

எழுத்து ஓடாத காலத்தில் ரைமர் பாதிதான் உதவும். காரணம் சோம்பல் அல்லது பயம் என்றால் 10 நிமிடம் வையுங்கள். எழுதலாம், அல்லது சும்மா இருக்கலாம். மூன்றாவது வேலை கிடையாது. சும்மா இருப்பது மூன்று நிமிடத்தில் அலுத்து, கை தானாகப் பேனைக்குப் போகும். கதையே பழுதாகி நின்றிருந்தால் எத்தனை மணி அடித்தும் நகராது. அப்போது நின்ற வரியைத் துருவாமல் இரண்டு மூன்று பக்கம் பின்னால் போங்கள். அனேகமாக அங்கே ஒரு சண்டை சுலபமாகத் தீர்ந்திருக்கும், அல்லது பாத்திரத்துக்கு எதுவும் தேவைப்படாமல் போயிருக்கும். அந்த இடத்திலிருந்து அடித்துவிட்டு எழுதவேண்டும். திருத்த வேலைக்கும் ரைமர் கூடாது. சத்தமாக வாசித்து வசனத்தின் ஓசையைச் சரிபார்க்கும் காதுக்கு டிக் டிக் எதிரி.

கரண்ட் போனாலும் ஓடும் என்பது இதன் பெருமை. கடல்காற்று இதன் எதிரி. உப்புப் பிடித்தால் வில் துருவேறும், முலாம் உரியும். இரவில் மூடியுள்ள டின்னில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டுவையுங்கள். இறுகினால் தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, பிசினாகி உள்ளே ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

வாங்கும்போது கடையிலேயே 60 வரை திருகி, 5க்குத் திருப்பிவிட்டு நில்லுங்கள். மணி பளிச்சென்று அடிக்காமல் ஒரு தட்டோடு அடங்கினால் வேறொன்று கேளுங்கள்.