விளம்பரக் கணக்கும் ஆர்டர் நோட்டும்: செக்கு எண்ணெய் வியாபாரத்தில் சில ஆண்டுகள்

காங்கேயம் பக்கம் எங்கள் குடும்பம் மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டி விற்கிறது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கருப்பட்டி சேர்த்து ஆட்டும் நல்லெண்ணெய், இந்த மூன்றும்தான் சரக்கு. கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் போக, வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்புகிறோம். தளத்துக்கு யார், எந்த வழியில் வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் பழைய வடிவில் இருந்த காலம் தொட்டு அதைப் பார்த்து வருகிறேன். கூடவே கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல், கூகுளில் விளம்பரம் போட கூகுள் ஆட்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட மெட்டா ஆட்ஸ் மேனேஜர், கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ். ஆண்டுக்கணக்கில் புழங்கியதில், இவற்றில் எந்தக் கணக்கை வைத்துப் பணம் போடலாம், எதை வைத்துப் போடக்கூடாது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. சிறு வியாபாரிகளுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விற்பனை நடந்தால் "அது என்னால் நடந்தது" என்று எழுதிக்கொள்ள எல்லாக் கருவிகளும் தயாராக இருக்கின்றன. அந்த விளம்பரம் இல்லாவிட்டாலும் அந்த ஆள் வாங்கியிருப்பாரா என்ற கேள்விக்கு எந்தத் திரையிலும் பதில் இல்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வியாபாரத்துக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்.

அனலிட்டிக்ஸிலிருந்து தொடங்குகிறேன். 2023 ஜூலை 1 அன்று கூகுள் பழைய வடிவத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய புள்ளிவிவரங்களையும் பார்க்க முடியாமல் போனது. மாதாமாதம் அறிக்கைகளைக் கூகுள் ஷீட்டில் இறக்கி வைத்தவர்களுக்கு மட்டுமே பல ஆண்டு வரலாறு கையில் மிஞ்சியது. இப்போதைய வடிவமான ஜிஏ4 பக்கங்களை எண்ணுவதைவிட, வருகிறவர் செய்யும் ஒவ்வொரு செயலையும் ஒரு நிகழ்வாக எண்ணுகிறது. பொருளைப் பார்த்தார், கூடையில் போட்டார், பணம் கட்டினார் என்று படிப்படியாகத் தெரியும். பழகியபின் இது நல்ல முறைதான். ஆனால் எக்ஸ்ப்ளோர் பகுதியில் தோண்டிப் பார்க்க வைத்திருக்கும் விவரம், நாம் எதையும் மாற்றாவிட்டால் 2 மாதம்தான் நிற்கும். செட்டிங்ஸில் போய் 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை. போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் ஒப்பிட வேண்டிய எங்களைப் போன்றவர்கள் கணக்குத் திறந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளர் பணம் கட்டும்போது, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேயின் பக்கத்துக்குப் போய், கட்டி முடித்து நம் பக்கத்துக்குத் திரும்புகிறார். அவர் கேட்வேயிலிருந்தே புதிதாக வந்தவர் என்று அனலிட்டிக்ஸ் எழுதிவிடும். அறிக்கையைத் திறந்தால் நம் விற்பனையில் பெரும்பங்கைக் கேட்வேயே கொண்டுவந்தது போலத் தெரியும். வேண்டாத பரிந்துரைத் தளங்கள் பட்டியலில் அந்த முகவரியைச் சேர்த்தால் சரியாகும். அதேபோல வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் லிங்க்கைத் தட்டி வருகிறவர்கள் பெரும்பாலும், வந்த வழி தெரியாதவர்களைப் போடும் "டைரக்ட்" என்ற கணக்கில் விழுவார்கள். லிங்க்கின் வாலில், அது எங்கே வைத்த லிங்க் என்று சொல்லும் யூடிஎம் குறி சேர்த்தால்தான் வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா, பார்சலுக்குள் வைத்த துண்டுச்சீட்டின் க்யூஆரா என்று பிரியும். கூகுள் 2005இல் விலைக்கு வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனம் விட்டுச்சென்ற முறை இது. இன்றுவரை இதைவிடச் செலவில்லாத, பலன் அதிகமான வேறொன்றை நான் பார்க்கவில்லை. குறிகளை மட்டும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒரு நாள் "வாட்ஸ்அப்", மறுநாள் "வாட்ஸப்" என்று எழுதினால் அறிக்கையில் இரண்டு வரியாகிவிடும்.

கூகுள் ஆட்ஸில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது சர்ச் டேர்ம்ஸ் அறிக்கை. நாம் கொடுக்கும் கீவேர்டு ஒன்று, மக்கள் உண்மையில் தட்டுவது வேறொன்று. "செக்கு எண்ணெய்" என்பதை, தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் காட்டும் பிராட் மேட்ச்சில் விட்டால் செக்கு மெஷின் என்ன விலை என்று தேடுகிறவர்களுக்கும் விளம்பரம் போகும். அவர்கள் எண்ணெய் வாங்க வந்தவர்கள் அல்ல, செக்கு வாங்க வந்தவர்கள். தொழில் தொடங்க என்ன முதலீடு, லோன் கிடைக்குமா, கடலைப் புண்ணாக்கு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்களும் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் நம் காசு போகும். வாரம் ஒருமுறை அந்த அறிக்கையைத் திறந்து மெஷின், லோன், வேலை, புண்ணாக்கு போன்ற சொற்களை, விளம்பரம் காட்ட வேண்டாம் என்று சொல்லும் நெகட்டிவ் பட்டியலில் சேர்ப்பது எங்கள் வழக்கம். பட்ஜெட்டைக் கூட்டாமலேயே ஆர்டரைக் கூட்டிய வேலை இது.

இடத்தையும் கவனிக்க வேண்டும். கூகுள் ஆட்ஸ் தானாக வைத்திருக்கும் அமைப்பில், நாம் தேர்ந்தெடுத்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும். ஊட்டியில் லாட்ஜ் நடத்துகிறவருக்கு அது நல்லது. பார்சல் செலவு பார்த்து ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் எண்ணெய்க் கடைக்கு நல்லதல்ல. அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றிவிட வேண்டும்.

சர்ச் கன்சோல் முழுக்க இலவசம், 16 மாதத் தேடல் விவரம் வைத்திருக்கும். மக்கள் நம்மிடம் என்ன கேட்க நினைக்கிறார்கள் என்பது இதில்தான் தெரிகிறது. கடலை எண்ணெயில் பலகாரம் சுடும்போது நுரை பொங்குவது ஏன் என்ற கேள்வி எங்கள் தளத்துக்கு விதவிதமான வடிவத்தில் வந்துகொண்டே இருந்தது. கலப்படமோ என்ற பயம்தான் அதன் அடியில். சுத்திகரிக்காத எண்ணெயில் ரீஃபைண்டு முறையில் நீக்கிவிடும் பிசுபிசுப்பான பொருள்கள் தங்கியிருப்பதால் நுரை கட்டும், சட்டியை நிரப்பாமல் பாதியளவு ஊற்றிச் சுடுங்கள் என்று தெளிவாக ஒரு பக்கம் எழுதி, அடுப்பில் சுட்டே காட்டும் வீடியோவும் சேர்த்தோம். அந்தப் பக்கத்துக்கு விளம்பரமே கிடையாது. இன்றும் புது ஆட்களை அழைத்துவருகிறது. அதைப் படித்து வந்தவர்கள் நுரையைப் பார்த்துத் திருப்பி அனுப்புவதும் இல்லை.

மெட்டா விளம்பரம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், எங்கள் பணம் அதிகம் போனது அங்கேதான். போஸ்டின் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் லைக் கிடைக்கும், ஆர்டர் கிடைப்பது அரிது. லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிக் காட்டு என்று நாம் கேட்டால் அது அதைத்தான் செய்யும். ஆட்ஸ் மேனேஜரில் விற்பனையைக் குறிக்கோளாக வைக்க வேண்டும், இல்லையேல் வாட்ஸ்அப் உரையாடலை வைக்க வேண்டும். அடுத்து, ஒரு ஆட் செட் (ஒரே வகை ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்பு) நிலைப்பட வாரத்துக்கு 50 அளவில் பலன்கள் வேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. சிறு பட்ஜெட்டை வயது வாரியாக, ஊர் வாரியாக ஏழெட்டாகப் பிரித்தால் எதுவுமே அந்த எண்ணிக்கையைத் தொடாது. ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு, வீடியோவை மட்டும் மாற்றி மாற்றிச் சோதிப்பதே சிறுகடைக்குச் சரி. எங்களுக்குத் தள்ளுபடி போஸ்டரைவிட, செக்கு சுற்றும்போது எண்ணெய் வழிகிற நேரடிக் காட்சி எப்போதும் நன்றாக வேலை செய்தது.

இனி கணக்குக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்து, பின்தொடர அனுமதி உண்டா என்று ஐபோன் கேட்கத் தொடங்கியதிலிருந்து மெட்டாவின் கணக்கில் ஒரு பகுதி ஊகம். விளம்பரத்தைத் தட்டியவர் 7 நாளுக்குள் வாங்கினாலோ, வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலோ மெட்டா தன் கணக்கில் எழுதும். கூகுள் ஆட்ஸ் தட்டியவருக்கு 30 நாள் வரை கணக்கு வைக்கும். ஒரே அம்மா இன்ஸ்டாகிராமில் வீடியோ பார்த்து, பிறகு கூகுளில் எங்கள் பெயரைத் தேடி, விளம்பரத்தைத் தட்டி ஒரு கேன் வாங்கினால் இருவருமே ஆளுக்கு ஒரு விற்பனை எழுதிக்கொள்வார்கள். இரண்டு அறிக்கைகளையும் கூட்டினால் நாங்கள் கட்டிய பார்சலைவிட அதிகமாக வரும். விளம்பரம் பார்த்துத் தர நாங்கள் அமர்த்தியிருந்த ஒரு ஏஜென்சி இந்தக் கூட்டுத்தொகையையே வெற்றி என்று மாதம்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த பணம் அதற்கு ஒத்துவரவே இல்லை.

இதற்குத் தீர்வு தேடியபோது படித்தது ஆன்லைன் சந்தையான ஈபே நிறுவனத்தின் சோதனை. தங்கள் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிய தேடல் விளம்பரத்தை 2012இல் சில தேடுதளங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் கீழே இருந்த சாதாரண லிங்க்கைத் தட்டி வந்துவிட்டார்கள். அந்த ஆய்வு 2015இல் எக்கோனோமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழில் வெளியானது. கணக்குத் தாளில் மிக லாபமாகத் தெரிந்த விளம்பரம் புதிதாக ஏறத்தாழ யாரையும் கொண்டுவரவில்லை என்பதே அதன் சாரம்.

நாங்களும் சிறிய அளவில் அதைச் செய்தோம், இன்றும் செய்கிறோம். கோவை, திருப்பூரில் மெட்டா விளம்பரம் ஓடும், சேலம், நாமக்கல்லில் சில வாரம் நிற்கும். பிறகு பக்கம் மாற்றுவோம். பார்சல் முகவரியின் பின்கோடை வைத்து இரண்டு பக்க ஆர்டரையும் ஒப்பிட்டால் விளம்பரத்தின் உண்மையான பலம் தெரியும். எங்கள் பெயருக்கான கூகுள் விளம்பரத்தை நிறுத்தியபோது ஆர்டர் குறையவில்லை. புது ஆட்களுக்கான மெட்டா வீடியோவை நிறுத்தியபோது குறைந்தது. ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோனவர்களைத் துரத்தும் விளம்பரம் அறிக்கையில் முதலிடத்தில் இருந்தது. சோதனையில் அது பெரிதாக எதையும் கூட்டித் தரவில்லை. எல்லாக் கடைக்கும் இதே முடிவு வரும் என்று சொல்லமாட்டேன். பொருள் மாறினால் முடிவும் மாறும், சோதித்தே ஆக வேண்டும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 2025இல் கொப்பரை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலையே குவிண்டாலுக்கு 11,582 ரூபாய்தான், அதாவது கிலோவுக்குச் சுமார் 116 ரூபாய். கொப்பரையோடு தேங்காய் எண்ணெய் விலையும் ஏறியபின் எந்த விளம்பரமும் பழைய பலனைத் தராது. முன்மாதத்தோடு ஒப்பிட்டு, வீடியோ சரியில்லை என்று மாற்றியிருந்தால் தவறான முடிவெடுத்திருப்போம். சித்திரை, வைகாசியில் ஊறுகாய்க்காக நல்லெண்ணெய் ஏறும், தீபாவளிக்குப் பலகாரத்துக்காகக் கடலை எண்ணெய் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் எந்த விளம்பர அறிக்கைக்கும் தெரியாது.

இத்தனைக்கும் மேலாக, எங்களுக்கு அதிக லாபம் தந்த தகவல் எங்கள் ஆர்டர் நோட்டில் இருந்தது. பில் போடும் அக்கா போனில் ஆர்டர் எடுக்கும்போதெல்லாம் "எங்க பார்த்துட்டுக் கூப்பிடறீங்க?" என்று கேட்டு ஓரத்தில் எழுதிவைப்பார். ஒருமுறை ஈரோட்டிலிருந்து பேசிய ஒருவர், "ஏனுங்க, போன தடவை அனுப்புனீங்களே அதே அஞ்சு லிட்டர் கேன் வேணுங்க. தீர்ற நேரத்துக்கு நீங்களே ஒரு மெசேஜ் போட்டுட்டா நாங்க கடைக்குப் போகமாட்டமுங்க" என்றார். அதன்பின் பழைய ஆர்டர்களையெல்லாம் ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஆர்டருக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்கிட்டோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நிலையான இடைவெளி இருந்தது. அது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, விரும்பியவர்களுக்கு மட்டும், கடைசியாக வாங்கியதைக் குறிப்பிட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி. வேறு எந்த விளம்பரமும் இதன் அருகில்கூட வரவில்லை.

அந்தக் கணக்கு புது வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையும் சொல்லிவிடும். முதல் கேனில் 150 ரூபாய் லாபம், அந்த ஆளைக் கொண்டுவர 18% ஜிஎஸ்டியோடு சேர்த்து 200 ரூபாய் விளம்பரச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேனோடு நின்றால் நட்டம். இன்னொரு கேன் வாங்கினாலே லாபம். எந்த வழியில் வந்தவர்கள் திரும்ப வாங்குகிறார்கள் என்று பார்த்தால், தள்ளுபடிக்கு வந்தவர்கள் குறைவாகவும் நுரை பற்றிப் படித்து வந்தவர்கள் அதிகமாகவும் திரும்பினார்கள். பட்ஜெட்டை அதற்கேற்ப மாற்றினோம்.

செய்தி அனுப்பும்போது கேட்டுவிட்டு அனுப்புவது கட்டாயம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் பிராட்காஸ்ட் செய்தால் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். எண்களை எங்கிருந்தோ வாங்கி மொத்தமாக அனுப்பினால் மக்கள் ரிப்போர்ட் செய்வார்கள், கணக்கே முடங்கும். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காக எண் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. எங்கள் பார்சல் சீட்டில் "எண்ணெய் தீரும் நேரத்தில் நினைவூட்டலாமா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் அடித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும்.

கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலை உள்ளூர்க் கடை உள்ள யாரும் விடக்கூடாது. எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்று இலவசமாகவே காட்டும். தளத்துக்கு வருகிறவர் எங்கே தட்டுகிறார் என்று பதிவுசெய்து காட்டும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியும் இலவசம்தான். போனில் பணம் கட்டும் பக்கத்தில் எந்த இடத்தில் தயங்கி வெளியேறுகிறார்கள் என்று அதில் பார்த்தபின், பின்கோடு கேட்கும் பெட்டியை மேலே கொண்டுவந்து பார்சல் செலவை முன்னாலேயே காட்டினோம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் மாதத்தில் யூடிஎம் குறிகளையும், ஆர்டர் நோட்டின் ஓரத்தில் அந்த ஒரு கேள்வியையும் மட்டும் பழக்கினால் போதும். கூகுள் ஆட்ஸ் அடுத்து வரலாம். மெட்டாவுக்குப் போகும்போது, விளம்பரம் ஓடாத ஒரு மாவட்டத்தை முதல் நாளிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.